சொல்லச் சொன்னாராம்

பிளக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் சும்மா விட்டு, மறுபடி செருகினால் எந்த மெஷினும் சரியாகிவிடும் என்பது நம் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. பேராசிரியர் நல்லசிவம் விடிந்ததிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தார். பிடுங்கினார், செருகினார். வேறு பிளக் பாயின்ட்டில் போட்டுப் பார்த்தார். பெட்டியின் மண்டையில் உரிமையோடு ஒரு தட்டும் தட்டினார். உள்ளே விசிறி சுற்றியது, மஞ்சள் விளக்கு எரிந்தது, திரையில் ‘தொடங்க முடியவில்லை’ என்று வந்தது. அதற்குமேல் அது ஓர் அடி நகரவில்லை.

உள்ளறையில் அவர் மனைவி மங்கையர்க்கரசி ஒயர் கூடையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். மதியத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். கர்ப்பப்பையில் கட்டி, மறுநாள் ஆபரேஷன். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, டாக்டர் கொடுத்த அனுமதிச் சீட்டு எல்லாம் பெட்டிக்குள் இருந்தன. முன்பெல்லாம் போனில் இருந்ததாம் இதெல்லாம். இப்போது வீட்டுக்கு ஒரு பேசும் பெட்டி வந்துவிட்டது, போன் என்பது அதன் நீட்டிய காது மட்டும்தான். பெட்டி எழுந்திருக்காவிட்டால் முதலிலிருந்து எல்லாப் பரிசோதனையும் எடுத்து, வேறு நாள் வாங்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கட்டி அதுவரை காத்திருக்குமா என்பது அவர்களுக்கும் தெரியவில்லை.

ஆகவே பெட்டி எழுந்தே ஆக வேண்டும். நல்லசிவத்துக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் அது எழுந்துவிடுமோ என்றும் அவர் பயந்தார். ஏனென்றால் எழுந்தவுடன் அது செய்யப்போகும் முதல் வேலை, நேற்றிரவு அவர் சொன்னதை மங்கையிடம் போய்ச் சொல்வது.

நல்லசிவம் பேர்போன பேச்சாளர். திருச்சியில் ஒரு கல்லூரியில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர், பட்டிமன்ற நடுவர். மைக் கோளாறு செய்தாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். இல்லறம் இனிக்கக் காரணம் விட்டுக்கொடுக்கும் கணவனா, பொறுத்துப்போகும் மனைவியா என்று எத்தனையோ ஊர்களில் தீர்ப்பு வழங்கியிருக்கிறார். அவருடைய இல்லறத்தில் கணவனும் மனைவியும் ஆறு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாது.

அது அவருடைய ஓய்வு விழாவில் ஆரம்பித்தது. மங்கையையும் மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தார்கள். பாவம், ஒரு வாரமாகக் கண்ணாடிமுன் நின்று சொல்லிப் பார்த்திருந்தாள். “எல்லாருக்கும் வணக்கம்” என்று தொடங்கியவள், அடுத்த சொல்லுக்காகக் கொஞ்சம் நின்றாள். நல்லசிவத்துக்குப் பொறுக்கவில்லை. மைக்கை அவள் கையிலிருந்து வாங்கி, “அவளுக்குப் பேச வராது. அதுக்குத்தான் என்னைக் கட்டிக்கிட்டா” என்றார். மண்டபமே சிரித்தது. மங்கையும் சிரித்தபடிதான் கீழே இறங்கினாள். வீட்டுக்கு வந்ததும் அவரோடு பேசுவதை நிறுத்தினாள். சண்டையில்லை, அழுகையில்லை, சோறு வேளைக்கு வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

முதலில் மகள் கயல்விழிதான் நடுவில் நின்று அவதிப்பட்டாள். வெளிநாட்டிலிருந்து அவள் கூப்பிட்டால் இருவரும் ஆளுக்கொரு சேதியை அவள் தலையில் ஏற்றுவார்கள். “ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரியா?” என்று கத்திவிட்டு அவள் வாங்கி அனுப்பியதுதான் இந்தப் பெட்டி. எல்லா அறையிலும் அதற்குக் காது உண்டு, எல்லா அறையிலும் வாய் உண்டு. “அங்க சொல்லு” என்று தொடங்கி எதைச் சொன்னாலும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அது சீக்கிரமே இந்த வீட்டுத் தமிழைப் பிடித்துக்கொண்டது. நம் பேச்சில் ‘ஆம்’ என்று ஒரு வால் இருக்கிறதே, சொன்னது நானில்லை, யாரோ சொன்னார்கள் என்று கையைத் துடைத்துக்கொள்ள உதவுமே, அந்த வாலில்தான் இந்தக் குடும்பமே ஓடியது. சாப்பிட வரணுமாம். மழை வருதாம், குடை எடுத்துக்கணுமாம். கேஸ் தீர்ந்துடுச்சாம். இப்படியே வருஷக்கணக்காக. நல்லசிவத்துக்கு இது பழகியது மட்டுமல்ல, பிடித்தும் போயிற்று. பெட்டி கொண்டுவரும் சேதியில் மங்கை எப்போதும் தன்மையாக இருந்தாள். ஒருவழியாகப் பணிந்துவிட்டாள் என்று அவர் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டார்.

நேற்றிரவு பெட்டி வந்து, “நாளைக்கு ஆஸ்பத்திரியில சேரணுமாம். நீங்க கூட வந்தா தைரியமா இருக்குமாம்” என்றது.

இன்று சாயங்காலம் அவருக்குப் பெரம்பலூரில் பட்டிமன்றம். பேர் போட்டு பேனர் கட்டிவிட்டார்கள். அந்த எரிச்சலில் நல்லசிவம் ஹாலில் நின்றபடி சொன்னார்: “ஆஸ்பத்திரி வராண்டாவுல காவல் காக்க நான் ஆளில்லன்னு சொல்லு. பொண்ணக் கூப்பிட்டு அழச் சொல்லு, அவ வருவா. கட்டி வந்ததுலருந்து ஒரே நாடகம். அறுத்து எடுத்துட்டாவது நிம்மதியா இருக்காளான்னு பார்ப்போம்.”

கயலுக்கு நிறைமாதம். அவளால் வர முடியாது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னார். “சரி சார், சொல்லிடறேன்” என்றது பெட்டி. அதோடு அடங்கியது. விடிந்து, உள்ளறையில் மங்கை புடவையை உதறி மடிக்கும் சத்தம் கேட்டபோது, தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு முழுசாக உறைத்தது. எழுந்து உட்கார்ந்தார். உடம்பெல்லாம் கூசியது.

ரிப்பேருக்கு வந்த பெண்ணின் பெயர் ஷமீமா. முப்பதை ஒட்டிய வயது, தோளில் கனத்த பை. உள்ளே வந்தவள் அவர் முகத்தைப் பார்த்ததும் மலர்ந்துபோனாள்.

“சார், நீங்களா! எங்க அத்தா உங்க ரசிகர் சார். எங்க தெரு விழாவுல பேசினீங்களே, பொண்டாட்டிய சிரிக்க வைக்கத் தெரியாதவன் புருஷனே இல்லன்னு. அத்தா இன்னும் அதையே சொல்லிக்கிட்டிருக்காரு.”

“அப்படியாம்மா, சந்தோஷம்” என்றார் நல்லசிவம். அவள் முகத்தைப் பார்க்காமல் பெட்டியைக் காட்டினார்.

ஷமீமா பெட்டியின் முதுகைத் திறந்தாள். “எப்ப நின்னுச்சு சார்?”

“நேத்து ராத்திரி.”

“நிக்கறதுக்கு முன்னாடி கடைசியா என்ன பண்ணீங்க?”

“நான் ஒண்ணுமே பண்ணலம்மா. அது பாட்டுக்கு நின்னுடுச்சு.”

உலகத்தில் ரிப்பேர் வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் தினமும் கேட்கிற பதில்தான் இது. ஷமீமா சிரித்துக்கொண்டாள். நினைவுப் பட்டையைக் கழற்றி, துடைத்து, மாட்டினாள். மஞ்சள் விளக்கு. பையிலிருந்து புதுப் பட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். மஞ்சள் விளக்கு. டிஸ்க்கைச் சோதித்தாள், பேட்டரியை அளந்தாள், கரண்ட் வரும் வழியெல்லாம் தொட்டுப் பார்த்தாள். பழுது இருக்கும் என்று அவள் அடித்துச் சொன்ன ஒரு சின்னத் தகட்டை மாற்றிவிட்டு, “இப்ப பாருங்க சார்” என்றாள். அப்போதும் மஞ்சள் விளக்கே எரிந்தது. அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“எல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா ராத்திரி பூரா இது தூங்கவே இல்ல. தொட்டுப் பாருங்க, கொதிக்குது. எதையோ போட்டு உருட்டிக்கிட்டே இருக்கு.” அவள் ஒரு ஒயரைச் செருகி, மறுமுனையைக் காதில் மாட்டிக்கொண்டாள். “ஒரு சேதி சேராம நிக்குது. அது முடிஞ்சாத்தான் எழுந்திருக்குமாம். என்ன சேதின்னு கேட்டுப் பார்க்கறேன்.”

“வேண்டாம்மா” என்றார் நல்லசிவம். அதற்குள் அவள் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் புரியாமல் புருவம் நெரித்தாள். பிறகு ஒருமுறை உள்ளறைப் பக்கம் பார்த்தாள். பிறகு எந்தப் பக்கமும் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். ஒரு பேச்சு முடிந்ததும் சபையின் முகத்தைப் படிப்பது நல்லசிவத்துக்குக் கைவந்த கலை. இந்தச் சபையில் ஒருத்திதான் இருந்தாள். அதற்குமேல் அவளை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் திராணியில்லை.

ஷமீமா காதிலிருந்து ஒயரை எடுத்தாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள், அந்த மட்டும் நல்ல பெண்.

“சார், இந்தப் பெட்டிக்கு ரெண்டு விதி. பொய் சொல்லக் கூடாது, வீட்டு ஆளுங்களப் புண்படுத்தக் கூடாது. ஒருத்தர் கோவமா ஒண்ணு சொன்னா அதுல இருக்கற விஷயத்த மட்டும் எடுத்துக்கிட்டு, தன்மையாக் கொண்டுபோய்ச் சொல்லும்.”

“மாத்திச் சொல்லுமா?”

“மாத்தாது. குத்தறத மட்டும் எடுத்துடும்.” அவள் தயங்கினாள். “நீங்களே கேளுங்க சார்.”

ஒயரை அவர் காதில் வைத்தாள். அவருடைய குரலே கேட்டது, கணீரென்று. ‘இது காப்பியா, கழுநீரா? யார் குடிப்பா இத!’ அடுத்து பெட்டியின் குரல்: ‘இன்னிக்கு காப்பி கொஞ்சம் தண்ணியா இருக்காம்.’ மறுபடி அவர்: ‘அந்த எழவெடுத்த டிவிய அணைச்சுத் தொலைக்கச் சொல்லு.’ பெட்டி: ‘சார் படிச்சிட்டிருக்காராம், சத்தம் கொஞ்சம் குறைச்சா நல்லதாம்.’ இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று. மாமியாரின் வருஷாப்திக்கு வர முடியாது என்று சொன்னது. மங்கை முழங்கால் வலி என்றதற்குச் சொன்னது. அவருக்கு எதுவும் நினைவில்லை. குரல் மட்டும் சந்தேகமில்லாமல் அவருடையது.

“போதும்” என்று ஒயரைப் பிடுங்கினார்.

அவருக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. மூழ்குகிறவனுக்கு ஒரு கட்டை கிடைத்த மாதிரி அதைப் பிடித்துக்கொண்டார். “அப்ப, அவ சொன்னதும் இப்படித்தானே? அவளும் கண்டதையும் சொல்லியிருப்பா. இது தேன் தடவி என்கிட்ட கொண்டாந்திருக்கும், இல்லியா?”

ஷமீமா பெட்டியைக் கொஞ்ச நேரம் துழாவினாள். பிறகு தலையை ஆட்டினாள். “இல்ல சார். அம்மா பக்கம் எதையும் எடுக்கல. எடுக்கறதுக்கு ஒண்ணும் இருந்ததில்ல. அவங்க சொன்னதோட ‘ஆம்’ மட்டும் சேர்த்திருக்கு.”

நல்லசிவம் சோபாவில் உட்கார்ந்தார். குடை எடுத்துக்கணுமாம். மாத்திரை போட்டாச்சான்னு கேக்கறாங்களாம். தொண்டை கட்டியிருக்கே, வெந்நீர் வச்சிருக்காங்களாம். அத்தனையும் அவளே சொன்னது. அதைப் பணிவு என்று எண்ணி இத்தனை காலம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தோமே என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. சின்ன வெட்கம் இல்லை. அம்மணமாகத் தெருவில் நிற்கிற வெட்கம்.

“நேத்து நீங்க சொன்னதத்தான் அதால ஒண்ணும் பண்ண முடியல சார்” என்றாள் ஷமீமா. “குத்தறத எடுத்துட்டா மிச்சம் எதுவுமே நிக்கல. ராத்திரி பூரா எப்படியெப்படியோ சொல்லிப் பார்த்திருக்கு. அழகாச் சொன்னா பொய்யாயிடுது. நிஜத்தச் சொன்னா…” அவள் முடிக்கவில்லை.

“அத மட்டும் அழிச்சிட முடியாதா?”

“அழிச்சா எல்லாமே போயிடும். ஆஸ்பத்திரி சீட்டும் சேர்த்து.”

“வேற வழி?”

“நீங்க சொன்னத அப்படியே சொல்லச் சொல்லி நான் தள்ளி விடலாம். உங்க குரல்லயே போய்ச் சேர்ந்துடும்.” அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவசரமாகச் சொன்னாள்: “இல்லன்னா சொன்னவரே நேர்ல போய்ச் சொல்லிடலாம் சார். சேதி சேர்ந்துடுச்சுன்னு அதுக்குத் தெரிஞ்சா போதும், காது முழிச்சுத்தான் இருக்கு. அப்புறம் தானா எழுந்துடும்.”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று தாண்டியிருந்தது. உள்ளே கூடையைத் தரையில் இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

அப்போது நல்லசிவம் ஒரு காரியம் செய்தார். அன்றைக்கு அவர் செய்ததிலேயே இதைத்தான் பிற்பாடு நினைத்து நினைத்துக் கூனிக்குறுகினார். “ஏம்மா,” என்றார் அந்தப் பெண்ணிடம், “நீயே போய் அவகிட்ட கொஞ்சம் பக்குவமா எடுத்துச் சொல்லேன்.”

ஷமீமா அவரைப் பார்த்தாள். அத்தாவின் நாயகரைப் பார்க்கிற பார்வை அதில் இல்லை. “பெட்டிக்கே வரலயே சார். எனக்கு எப்படி வரும்?” என்று சொல்லிவிட்டு, கழற்றிய திருகாணிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

அவர் எழுந்து உள்ளே போனார்.

மங்கை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஒயர் கூடை, அதற்குள் ஃபிளாஸ்க், துண்டு, இரண்டு நைட்டி. ஒரு டம்ளர்தான் வைத்திருந்தாள். கூட யாரும் வரப்போவதில்லை என்று முடிவு செய்தவள் வைக்கிற டம்ளர். அவர் வாசலில் நின்றார். ஆயிரம் பேர் உட்கார்ந்த கூட்டத்தில் ஒரு குறிப்பும் இல்லாமல் பொழிகிறவருக்கு முதல் சொல் கிடைக்கவில்லை.

“பெட்டி எழுந்திருக்க மாட்டேங்குதாம்” என்றார். ‘ஆம்’ அவர் வாயிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மங்கை துண்டை எடுத்து இன்னொரு முறை மடித்தாள்.

“நேத்து ராத்திரி… நான் ஒண்ணு சொன்னேன். அத நான்தான் உன்கிட்ட… அது என்னன்னா…”

“தெரியும்” என்றாள் மங்கை.

ஆறு வருஷத்தில் அவரை நோக்கி அவள் சொன்ன முதல் சொல் அது. அவர் கேட்டார்: “பெட்டி சொல்லிடுச்சா?”

“பெட்டி எதுக்கு? உங்க குரலுக்கு மைக்கே வேண்டாம்னு ஊரே சொல்லுது. ஹால்ல நின்னு நீங்க பேசினா கீழ்வீட்டுக்காரங்களுக்குக் கேக்கும். ஒத்தைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கற எனக்குக் கேக்காதா?”

நல்லசிவம் அந்தச் சுவரைப் பார்த்தார். இத்தனை வருஷமும் தான் பெட்டியிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றல்லவா அவர் இருந்துவிட்டார்!

“எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தடவை கேட்டேன்” என்றாள் மங்கை. அவள் குரலில் கோபமில்லை, கணக்குச் சொல்கிறவள் போலவும் இல்லை, களைத்திருந்தாள். “முதல்ல நீங்க சொல்றது கேக்கும். அப்புறம் அது வந்து சொல்லும். நான் அது சொல்றதத்தான் எடுத்துக்குவேன். அதுதான் நீங்கன்னு நெனச்சுக்குவேன். அதுகூடத்தான் இவ்வளவு நாள் குடும்பம் பண்ணேன்.” துண்டைக் கூடையில் வைத்தாள். “நேத்தும் வந்து சொல்லும்னு உக்காந்திருந்தேன். விளக்க அணைக்காம உக்காந்திருந்தேன். வரல. அதுக்கே முடியலன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.”

அவர் ஏதாவது சொல்லியாக வேண்டும். மன்னிப்பைப் பற்றி மட்டும் அவர் ஒரு மணி நேரம் பேசுவார், அடுக்கடுக்காக மேற்கோள் வரும். இப்போது ஒன்றும் வரவில்லை. பேச வரவில்லை என்றால் எப்படி இருக்கும் என்பது அவருக்கு அந்த வாசலில் நிற்கும்போது தெரிந்தது. மேடையில் அவள் நின்ற அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு நீளமாக இருந்திருக்கும் என்பதும் தெரிந்தது. அவள் கையிலிருந்து மைக்கை வாங்க அன்றைக்கு ஓர் ஆள் இருந்தார். இன்று அவர் கையிலிருந்து வாங்க யாருமில்லை.

ஹாலில் டிங் என்று ஒரு சத்தம். “சார், பச்சை எரியுது! வந்துடுச்சு!” என்று ஷமீமா கத்தினாள்.

பெட்டியின் குரல் எல்லா அறைகளிலும் ஒன்றாகக் கேட்டது. “காலை வணக்கம். சார் சொன்னது அம்மாவுக்குத் தெரியுமாம். இனிமே நான் சொல்ல வேண்டியதில்ல. ஆஸ்பத்திரிச் சீட்டு தயாரா இருக்கு.”

ஆக, அதை எழுப்பியதும் அவர் இல்லை. கடைசி வரைக்கும் அவர் சொல்லவே இல்லை. அவர் சொல்லாததையும் மங்கையே சொல்லி முடித்திருந்தாள்.

“நான் வரேன்” என்றார் நல்லசிவம். குரல் உடைந்து, சின்னதாக வந்தது. “பெரம்பலூருக்கு வேற ஆளப் பார்த்துக்கச் சொல்லிடறேன். மங்கை, நான் உன்கூட வரேன்.”

மங்கை எழுந்து புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றாள். ஆனால் அவரைப் பார்க்கவில்லை. சுவர் மூலையில் இருந்த பெட்டியின் காதைப் பார்த்துச் சொன்னாள்:

“வரணும்னா வந்து தொலைக்கச் சொல்லு.”

அவர் அதைக் கேட்டார். ஒரு சொல் விடாமல் கேட்டார். காது மடல் எரிந்தது. மங்கை வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை அவர் கேட்டதேயில்லை. பெட்டியும் கேட்டதில்லை போலும். உள்ளே விசிறி ஒரு சுற்று வேகமாகச் சுற்றியது.

“சார்,” என்றது பெட்டி, “நீங்களும் வரலாமாம்.”

நல்லசிவம் குனிந்து ஒயர் கூடையை எடுத்துக்கொண்டார். போகிற வழியில் சமையலறையில் நின்று இன்னொரு டம்ளரை எடுத்துக் கூடையில் போட்டார்.

“சரின்னு சொல்லு” என்றார் பெட்டியிடம், அடுத்த அறைக்குக் கேட்காத குரலில்.